மோனோ பிளேயரின் கைக்குள் நாலு கம்பி

கானாடுகாத்தான் வீட்டு இரண்டாம் கட்டில் ஐயாவின் ரெக்கார்டு பிளேயர் பல வருஷமாகத் துணி போர்த்திக் கிடந்தது. மோட்டார் நன்றாகவே சுற்றியது. ஆனால் அது மோனோ, எல்லா ஒலியும் ஒரே தடத்தில்தான்; ஊசியைத் தாங்கும் கைக்குள் இரண்டே கம்பி. இடது, வலது என இரண்டு தடம் உள்ள ஸ்டீரியோ இசைத்தட்டின் பள்ளத்தில் மேலும் கீழுமான அசைவும் உண்டு. பழைய மோனோ ஊசி அதற்கு வளைந்து கொடுக்காமல் தட்டையே தேய்த்துவிடும்.

ஸ்டீரியோ தட்டு போட, கையின் நுனியில் ஊசியோடு மாட்டும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் தேவை; அதற்கு நாலு கம்பி வேண்டும். வெள்ளை இடது, நீலம் அதன் கிரவுண்டு. சிவப்பு வலது, பச்சை அதன் கிரவுண்டு. எல்லாம் தலைமுடி கனம்தான். பழைய கம்பியின் நுனியில் தையல் நூலைக் கட்டி மறுமுனையில் மெதுவாக இழுத்தேன். நூல் கையின் குழாய்க்குள் வந்தது. அந்த நூலிலேயே புதுக் கம்பிகளைக் கட்டி உள்ளே கொண்டுவந்தேன். கார்ட்ரிட்ஜ் பின்னில் நேராகச் சால்டர் வைக்காதீர்கள், சூட்டில் உள்ளே இருக்கும் சுருள் போய்விடும். கம்பி நுனியில் வரும் கிளிப்பில் சால்டர் வைத்து, ஆறிய பிறகு பின்னில் செருகுங்கள்.

போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். கையின் உலோகக் குழாய்க்கு எர்த் இல்லை. தனிக் கம்பி ஒன்றை ஆம்பிளிஃபயரின் எர்த் திருகில் முடுக்கியதும் நின்றது. அப்புறம் பாட்டு ஒரே வரியில் சிக்கியது. கை திரும்பும் அச்சில் கம்பி விறைப்பாக இருந்ததுதான் காரணம். அரை அங்குலம் தளர்த்தி வளைத்துவிட்டேன்.

வளவுக்குள் வந்து நின்ற ஆயா, “வயலின் அந்தத் தூணுகிட்ட கேக்குது, மிருதங்கம் இந்தப் பக்கம்” என்றார்கள்.