பழைய பின்பால் இயந்திரத்தை மறுபடி ஆட வைப்பது எப்படி?

சிகாகோ புறநகரில் ஒரு வீட்டின் நிலவறையில் பல வருடமாக மூடிக் கிடந்த காட்லீப் நிறுவனத்தின் 'ராயல் ஃப்ளஷ்' பின்பால் இயந்திரத்தைப் போன வருடம் வாங்கினேன். சாய்ந்த தளத்தில் உருளும் உலோகப் பந்தை மட்டைகளால் தட்டிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம்தான் பின்பால். 1976இல் வந்தது, எட் கிரின்ஸ்கி வடிவமைத்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் உள்ளே மோட்டார் கர்ரென்று சுற்றும், நிற்கவே நிற்காது. பந்தும் வராது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இதைப் படித்தால் உங்களுக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு எழுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த எலக்ட்ரோமெக்கானிக்கல் இயந்திரங்களைத்தான் சொல்வேன். சிப் கிடையாது. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), காயில் (மின்காந்தச் சுருள்), சுவிட்ச், ஒரு மோட்டார், அவ்வளவுதான். எது நடந்தாலும் கண்ணால் பார்க்கலாம். வாங்கும்போது, நிமிர்ந்த தலைப்பெட்டியை மூடியிருக்கும் பின்கண்ணாடியைக் கவனியுங்கள். ஓவியம் கண்ணாடியின் உள்பக்கம் அச்சிடப்பட்டது, உரிந்தால் உரிந்ததுதான். காயிலும் ரப்பரும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. சர்க்யூட் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வேலையைத் தொடங்குமுன் மின்பிளக்கைப் பிடுங்குங்கள். பந்தை எடுத்துவிட்டு அப்புறம் ஆடுதளத்தைத் தூக்குங்கள்.

இனி அந்த மோட்டார். ஸ்டார்ட் அழுத்தியதும் இயந்திரம் புள்ளியைக் காட்டும் எல்லா எண் சக்கரங்களையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். தான் பூஜ்யத்தில் நிற்பதைத் தெரிவிக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ஒரே ஒரு சக்கரம் தெரிவிக்காவிட்டாலும் மோட்டார் விடாமல் சுற்றும். எந்தச் சக்கரம் என்று பொறுமையாகப் பாருங்கள். பூஜ்யத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால் சுவிட்சில் கோளாறு. நகராமல் நின்றால் பழைய கிரீஸ் கெட்டித்திருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றி, காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டான பிளஞ்சரைக் கையால் அழுத்தி விடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். எண்ணெய் விடவே வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம். அது தூசியைப் பிடித்து ஒரு வருடத்தில் பசையாகிவிடும்.

என்னைத் தடுமாற வைத்தது சுவிட்ச்தான். முனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன், வளைத்தேன், மறுநாள் மறுபடி அதே தொல்லை. உப்புத்தாளின் மணல் வெள்ளி முனையில் பதிந்துவிடும். மெல்லிய ஃப்ளெக்ஸ்டோன் அரம் ஒன்று வாங்குங்கள், இரண்டே இழுப்பு போதும். அதைவிட முக்கியம்: வளைப்பதற்கு முன் சுவிட்ச் அடுக்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் இறுக்குங்கள். ஐம்பது வருடத்தில் இடையிலுள்ள அட்டைகள் சுருங்கி, தகடுகள் தளர்ந்திருக்கும். தளர்ந்த அடுக்கை எப்படி வளைத்தாலும் நிலைக்காது. இறுக்கியபின், அடிப்பகுதிக்கு அருகில் பிடித்து, முனைகள் தொட்டதும் மயிரிழை கூடுதலாகத் தள்ளும்படி வளையுங்கள்.

பந்தைத் தட்டும் மட்டையான ஃப்ளிப்பரில் வேறு கதை. அதன் காயிலில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு: அடிக்க ஒன்று, பிடித்திருக்க ஒன்று. மட்டை மேலே போனதும் ஒரு சுவிட்ச் திறக்க வேண்டும், திறக்காவிட்டால் காயில் கருகும். அந்த முனை டங்ஸ்டன் என்பதால் ஃப்ளெக்ஸ்டோன் எடுபடாது, உலோக அரம் தேவை.

பல்புக்கு என் தேர்வு 47ஆம் எண். 44ஆம் எண் 0.25 ஆம்பியர் இழுக்கும், இது 0.15 மட்டுமே. சூடு குறைவு, பின்கண்ணாடிக்கு நல்லது.

ஆடுதளத்தின் சாய்வு சுமார் 3.5 பாகை. இன்றைய இயந்திரங்களுக்கான 6.5 பாகையை இதில் வைத்தால் ஃப்ளிப்பர் பந்தை மேலே அனுப்பத் திணறும்.

ஆடும்போது முதலில், பந்தை ஏவ இழுத்துவிடும் முன்பக்கப் பிளஞ்சரைப் பழகுங்கள். இதே 1976இல், 1942 முதல் நியூயார்க்கில் பின்பாலுக்கு இருந்த தடையை நீக்கும் விவாதத்தில், ரோஜர் ஷார்ப் நகரசபையின் முன் ஆடிக்காட்டினார். பந்து எந்தப் பாதையில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு பிளஞ்சரை இழுத்தார். பந்து அங்கேயே இறங்கியது. அதிர்ஷ்டம் அல்ல, திறமை என்று சபை ஏற்றுக்கொண்டது.

பின்சேர்க்கை: சக்கரங்களையெல்லாம் சுத்தம் செய்தும் மோட்டார் நிற்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதினார். தலைப்பெட்டியையும் கீழ்ப்பெட்டியையும் இணைக்கும் பெரிய பிளக்குகளில் ஒரு கம்பி வளைந்திருந்தது. வண்டியில் ஏற்றி இறக்கிய இயந்திரம் என்றால் அதையே முதலில் பாருங்கள்.