புரோகிராமரின் பதற்றம்: தணிப்பதாக நினைத்து வளர்த்துவிடும் தவறுகள்

டிக்கெட்டில் (உங்களிடம் ஒப்படைத்த வேலையில்) மாட்டிக்கொண்டதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் முதல் தவறு. "இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கேட்கலாம்" என்று தள்ளிப்போட்டதும் நெஞ்சு லேசாகிறது. கெடுப்பது அந்த நிம்மதிதான். தவிர்த்தால் பயம் குறையும் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகத் தவிர்க்கச் சொல்கிறது. இரண்டு நாள் ஸ்டாண்டப்பில் (டீமின் தினசரிக் குறுங்கூட்டத்தில்) "போய்க்கிட்டிருக்கு" என்று சமாளித்துவிட்டால், மூன்றாம் நாள் கேள்வியோடு அந்த இரண்டு நாளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

இதற்கு ஒரு நேர வரம்பு வையுங்கள். 45 நிமிடம் புதிதாக எதுவும் பிடிபடவில்லையென்றால் கேட்டுவிடுவது. கேள்வியில் நான்கு விஷயம் போதும்: என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது (எரர் மெசேஜை அப்படியே ஒட்டுங்கள்), எதையெல்லாம் முயன்று பார்த்தீர்கள், எதன் மேல் சந்தேகம். இதை எழுதும்போதே விடை தட்டுப்படுவதும் உண்டு.

இதன் உடன்பிறப்பு, வேலை முழுதாக முடியும்வரை நிரலைக் காட்டாமல் வைத்திருப்பது. சக புரோகிராமர் நிரலைச் சரிபார்க்கும் ரிவ்யூவுக்குப் பயந்து ஒரு வாரம் மெருகேற்றினால் 1,500 வரியில் ஒரு புல் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) வந்து நிற்கும். பார்ப்பவர் மேலோட்டமாக அப்ரூவ் செய்வார், இல்லையென்றால் 40 கமெண்ட் போடுவார். முன்னது புரொடக்‌ஷனில், அதாவது பயனர்கள் கையில், வெடிக்கும். பின்னது உங்கள் பயத்துக்குச் சாட்சி சொல்லும். 200 வரியை ஒட்டிப் பிரித்துக்கொண்டு, முதல் நாளே டிராஃப்டாகத் திறந்துவிடுங்கள். "இந்த வழி சரியா என்று மட்டும் பாருங்கள், டெஸ்ட் பிறகு வரும்" என்று விளக்கத்தில் எழுதுங்கள். கமெண்ட் வந்த வேகத்தில் பதில் எழுதவும் வேண்டாம். எது பிழை, எது வெறும் கேள்வி, எது அவருடைய ரசனை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பிழைகள் எண்ணிக்கையில் குறைவாகத்தான் இருக்கும்.

மீட்டிங்கில் "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டதும் சின்ன எண்ணாகச் சொல்லித் தப்பிப்பதும் கடன் வாங்குவது போலத்தான். "நிரலைப் பார்த்துவிட்டு மதியம் சொல்கிறேன்" என்பது முழுமையான பதில். பிறகு "3 முதல் 5 நாள், பழைய டேட்டாவை மாற்ற வேண்டியிருந்தால் 5" என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

டெப்ளாய் செய்துவிட்டு (புதிய நிரலைப் பயன்பாட்டுக்கு விட்டுவிட்டு) இரவெல்லாம் லாகை, அதாவது இயக்கப் பதிவை, திறந்து பார்ப்பது பொறுப்பு போலத் தெரியும். ஒவ்வொரு முறை பார்ப்பதும் அடுத்த சந்தேகத்துக்கு விதை. டெப்ளாய்க்கு முன்பே எழுதி வையுங்கள்: எரர் விகிதம், ரெஸ்பான்ஸ் நேரம் இரண்டையும் 30 நிமிடம் பார்ப்பது, எந்த அளவைத் தாண்டினால் ரோல்பேக் (பழைய நிரலுக்குத் திரும்புவது), அதன் பிறகு அலர்ட் பார்த்துக்கொள்ளும். ரோல்பேக்கும் இல்லை, டெஸ்டும் இல்லை, அலர்ட்டும் இல்லை என்றால் உங்கள் பயம் சரியானது. மூச்சுப்பயிற்சி அதைச் சரிசெய்யாது. அதை டீமின் வேலைப் பட்டியலில் ஏற்றுங்கள்.

காபியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் நடக்கிறது. கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 9 மணிக்கும் உடலில் இருக்கும். படபடப்பு, கை நடுக்கம் இரண்டையும் அதுவே தரும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம்வரை பொதுவாகப் பாதுகாப்பு என்றாலும், பதற்றம் உள்ளவருக்கு அதற்கும் குறைவே அதிகமாகலாம். சட்டென்று நிறுத்தினால் தலைவலி வரலாம். ஓரிரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள்.

பிரசன்டேஷனுக்கு முன் யாரோ கொடுத்த பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும்) மாத்திரையைப் போட்டுக்கொள்ளவே கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். தூக்கமின்மையும் படபடப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். நைட் ஷிப்ட், ஆன்-கால் முறை (எப்போது அழைத்தாலும் பிரச்சினையைப் பார்க்கும் பொறுப்பு), காபி அளவு எல்லாவற்றையும் சொல்லுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே அறிகுறிகள் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.