வீட்டு லேப்டாப்ல ஆங்கிலோ-சாக்ஸன் டிஎன்ஏ: முதல் தடவை செய்யறவங்களுக்கு

ரோமானியர்கள் கிளம்பினப்புறம் கடல் தாண்டி ஆங்கிள், சாக்ஸன், ஜூட்னு மூணு கூட்டம் பிரிட்டனுக்கு வந்துச்சுன்னு பீட்ங்கற துறவி 731-ல எழுதி வெச்சிட்டுப் போயிட்டார். வந்தது பெருங்கூட்டமா, இல்ல நாலு தலைவர்கள் மட்டும் வந்து உள்ளூர்க்காரங்க மொழியை மாத்திக்கிட்டாங்களான்னு ரொம்ப வருஷம் சண்டை. இப்ப எலும்புல இருந்து எடுத்த டிஎன்ஏ டேட்டா ஃப்ரீயாவே கிடைக்குது, நாமளே ஓட்டிப் பாக்கலாம்.

ஸ்டெப் 1: டேட்டா. பழைய எலும்புகளோட டிஎன்ஏ தொகுப்பு, ஆலன் ஏன்ஷியன்ட் டிஎன்ஏ ரிசோர்ஸ்னு தேடுங்க, ஹார்வர்ட் டேட்டாவர்ஸ்ங்கற சைட்ல இருக்கு. 1240கே, ஹெச்ஓன்னு ரெண்டு செட் இருக்கும், ஹெச்ஓ எடுங்க, இன்னிக்கு வாழற மக்களோட சாம்பிள் அதுலதான் நிறைய. ஃபைல் பெருசு, நைட்டு போட்டுட்டு தூங்கிடுங்க.

ஸ்டெப் 2: ஆள் பொறுக்கறது. முக்கால்வாசி வேலை இங்கதான். டேட்டாவோட கூடவே வர்ற அன்னோ ஃபைலை (ஆளுங்க விவரப் பட்டியல்) எக்ஸெல்ல திறந்தா ஒரு வரிக்கு ஒரு ஆள், ஊர், தேதி, எத்தனை இடத்துல டிஎன்ஏ படிக்க முடிஞ்சுதுன்னு எல்லாம் இருக்கும். இங்கிலாந்துன்னு ஃபில்டர் போட்டு தேதியை கி.பி. 450-ல இருந்து 750-க்குள்ள வெச்சுக்கோங்க. ஏன் அதுக்கு மேல வேணாம்னா, 793-ல லிண்டிஸ்ஃபார்ன்ல வைக்கிங் கொள்ளை, அப்புறம் டேனிஷ்காரங்க வந்து குடியேறினாங்க, அவங்களும் கிட்டத்தட்ட அதே கடலோரத்து ஆளுங்கதான், கலந்துட்டா பிரிக்கறது பெரும்பாடு. நான் 50,000 ஸ்னிப்புக்கு (ஆளுக்கு ஆள் மாறுற டிஎன்ஏ இடம்) கீழ இருக்கறவங்களை எடுக்கறதில்ல. அப்பா-மகன், அண்ணன்-தங்கச்சி ஜோடியா இருந்தா ஒருத்தரை மட்டும் வைங்க, இல்லன்னா ஒரு குடும்பத்தையே ஊர்னு எண்ணிடுவீங்க.

இன்னொண்ணு, உங்க லிஸ்ட்ல இருக்கறவங்க புதைக்கப்பட்டவங்க மட்டும்தான். நார்ஃபோக்ல ஸ்பாங் ஹில்னு ஒரு இடுகாட்டுல 2,000-க்கு மேல எரிச்ச சாம்பல் தாழிங்க கிடைச்சிருக்கு, அதுல டிஎன்ஏ எதுவும் மிஞ்சாது, அந்த சனம் மொத்தமும் நம்ம கணக்குல இல்ல.

ஸ்டெப் 3: பிசிஏ, அதாவது யார் யாருக்கு நெருக்கம்னு புள்ளிகளா காட்டற படம். இதுக்கான புரோகிராம் ஸ்மார்ட்பிசிஏ, லினக்ஸ்லதான் ஒழுங்கா ஓடும். இன்னிக்கு இருக்கற ஐரோப்பியர்களை வெச்சு மேப் போடுங்க, பழைய ஆளுங்களை அதுமேல புராஜெக்ட் பண்ணுங்க (எல்எஸ்கியூ புராஜெக்ட் ஆப்ஷனை ஆன் பண்ண மறந்தா எல்லாரும் நடுவுல சுருண்டு கிடப்பாங்க, எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை இதுலயே போச்சு). படம் வந்ததும் குஷியாகாதீங்க, வடமேற்கு ஐரோப்பா மொத்தமும் ஒரே கொத்தாத்தான் தெரியும். விடை இங்க கிடைக்காது.

ஸ்டெப் 4: கியூபிஆட்ம், அதாவது ஒருத்தர் எந்தெந்தக் கூட்டத்தோட கலவைன்னு கணக்குப் போடற முறை. ஆர்ங்கற புள்ளியியல் மென்பொருள்ல அட்மிக்ஸ்டூல்ஸ் 2 பேக்கேஜைப் போட்டுக்கோங்க. ஒரு பக்கம் பிரிட்டனோட இரும்புக்கால எலும்புங்க, இன்னொரு பக்கம் ஜெர்மனி லோயர் சாக்ஸனியோட இடைக்கால எலும்புங்க, இந்த ரெண்டையும் எந்த விகிதத்துல கலந்தா நம்ம ஆள் வருவார்னு அது சொல்லும். கலவை டேட்டாவோட பொருந்துதான்னு காட்டற பி-வேல்யூ 0.05-க்குக் கீழ போனா அந்தக் கலவை செல்லாது. ரெண்டு சோர்ஸும் (கலக்கற கூட்டங்க) சொந்தக்காரங்க மாதிரி நெருக்கம்ங்கறதால ஸ்டாண்டர்ட் எரர், அதாவது விடை எவ்வளவு முன்னபின்ன இருக்கலாம்ங்கறது, பெருசா வரும், அதையும் சேர்த்துத்தான் எண்ணைப் படிக்கணும்.

இங்கதான் எல்லாரும் வழுக்கறாங்க. கடல் தாண்டி வந்தவங்களோட பங்கு 10-ல இருந்து 40%னு 2015-ல ஒரு ஆய்வு சொல்லுச்சு, 2022-ல நேச்சர்ல வந்தது 76% வரைக்கும்னு சொல்லுச்சு, உடனே பழசு தப்புன்னு கிளம்பிடறாங்க. முதல்ல சொன்னது இன்னிக்கு உயிரோட இருக்கறவங்களை வெச்சு, ரெண்டாவது கிழக்கு, தெற்கு இங்கிலாந்தோட அந்தக் காலத்து எலும்பை வெச்சு. அதே 2022 ஆய்வே இன்னிக்கு இங்கிலீஷ்காரங்களுக்கு 25-47%தான் கொடுக்குது, ஏன்னா நடுவுல ஃபிரான்ஸ் பக்கத்து ரத்தம் வேற சேர்ந்திருக்கு. அதனால இன்னிக்கு ஆளுங்களை ரெண்டே சோர்ஸ் வெச்சு ஓட்டினா அந்த ஃபிரெஞ்சுப் பங்கு வேற யார் கணக்குலயாவது போய் ஒளிஞ்சுக்கும், மூணாவது சோர்ஸா இரும்புக்கால ஃபிரான்ஸை போட்டே ஆகணும்.

கடைசியா, குரூப் சராசரியோட நிறுத்தாம ஒவ்வொருத்தரையும் தனியா ஓட்டுங்க. கென்ட்ல அப்டவுன்னு ஒரு இடுகாடு, 7-ம் நூற்றாண்டு, அதுல ஒரு சின்னப் பொண்ணு, கூடவே கத்தி, எலும்புச் சீப்பு எல்லாம் வெச்சுப் புதைச்சிருக்காங்க. அம்மா வழி வட ஐரோப்பா, அப்பா வழியில மேற்கு ஆப்பிரிக்கா. இப்படி ஒருத்தர் மாடல்ல ஃபெயில் ஆனா டேட்டா கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, யொருபாவை (மேற்கு ஆப்பிரிக்க மக்கள்) ஒரு சோர்ஸா சேர்த்து இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க.