நிறம் மாறினால் அது ஃபுளோரைடுதானா? நீர்ச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிநீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாக்குக்கும் அது எட்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் அதற்கு வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால், பல் உருவாகும் வயதுக் குழந்தைகளுக்குப் பல் கறைபடக்கூடும். அளவு மேலும் கூடினால் எலும்பும் மூட்டும் கெடும். ஆகவே 1.2-ஐயும் 1.8-ஐயும் பிரித்துக் காட்டாத நிறச் சோதனை, எவ்வளவு அழகாக நிறம் மாறினாலும், குடிப்பவருக்கு உதவாது.

இந்தத் துறையில் நான் அதிகம் காணும் தவறு, கரிமக் கரைப்பானில் கிடைத்த வெற்றியை நீருக்கும் பொருத்திப் பேசுவது. ஆய்வகங்களில் உருவாகும் பல உணரி மூலக்கூறுகளில் (ஃபுளோரைடைச் சந்தித்தால் நிறம் மாறுபவை) நைட்ரஜனோடோ ஆக்சிஜனோடோ இணைந்த ஹைட்ரஜன் இருக்கும். ஃபுளோரைடு அதை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்ளும், அல்லது அந்த ஹைட்ரஜனைப் புரோட்டானாகப் பிடுங்கிக்கொள்ளும். மஞ்சள் கரைசல் சிவக்கும். ஆனால் அந்தச் சோதனை அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பானில், அதில் கரையும் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஃபுளோரைடு என்ற உப்பைச் சேர்த்துச் செய்ததாக இருக்கும். நீரில் ஃபுளோரைடைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் இறுக்கமாகச் சூழ்ந்து நிற்கின்றன. அந்தச் சூழலை உடைக்க ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் பெரும்பாலும் போதாது. கரைப்பானில் சில சதவீதம் நீர் கலந்ததுமே நிறம் பழையபடி திரும்பிவிடுவதும் உண்டு. உணரியைக் குடிநீருக்கென்று சொல்வதற்கு முன், சோடியம் ஃபுளோரைடை நீரில் கரைத்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு அளவில் (ஏறத்தாழ 79 மைக்ரோமோலார்) அது நிறம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

புரோட்டான் பிடுங்கப்படுவதால் நிறம் மாறும் உணரியிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். ஒரு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டாலும் அதே நிறம் வந்தால், அது காட்டுவது காரத்தை. அசிட்டேட்டும் சயனைடும்கூட இப்படி ஏமாற்றக்கூடும். ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் பெரும்பாலும் பைகார்பனேட் மிகுந்து, கால்சியம் குறைந்து, காரத்தன்மையோடுதான் இருக்கும். அதாவது உணரி எங்கே தேவையோ, அங்கேதான் அது தடுமாறுகிறது. காய்ச்சி வடித்த நீரில் செய்த சோதனைகளைக் கொண்டு வரைந்த அளவுக்கோட்டை (நிறத்தை ஃபுளோரைடு அளவாக மாற்றும் கோடு) வைத்து அத்தகைய நீரை மதிப்பிடுவது ஆபத்தானது.

பழைய, நம்பகமான முறைகளிலும் பொறிகள் உண்டு. சிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்த சிவப்புக் கூட்டமைப்பிலிருந்து ஃபுளோரைடு சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும், சிவப்பு வெளிறும். வெளிறல் எவ்வளவோ, ஃபுளோரைடு அவ்வளவு. இங்கே அலுமினியம்தான் பெரிய எதிரி. அது ஃபுளோரைடைத் தன்னோடு கட்டிக்கொள்வதால் அளவு குறைவாகத் தெரியும். படிகாரத்தாலோ, ஃபுளோரைடை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் அலுமினாவாலோ (ஒருவகை அலுமினியம் ஆக்சைடு) சுத்திகரித்த நீரில் எஞ்சிய அலுமினியம் இருக்கலாம். ஃபுளோரைடு போய்விட்டது என்று உறுதிசெய்ய எடுத்த அளவே பொய்யாகிவிடும். குடிப்பவரின் உடல்நலத்தோடு விளையாடும் தவறு இது. பாஸ்பேட் எதிர்த்திசையில் இழுக்கும்: அதுவும் சிர்கோனியத்தைப் பிடிப்பதால் இல்லாத ஃபுளோரைடு இருப்பதாகத் தோன்றும். குளோரின் கலந்த நீரில் சாயமே வெளுத்துவிடும். முதலில் குளோரினை நீக்க வேண்டும்.

வெளிறும் முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. சிவப்பு முழுக்க மங்கிய பிறகு 3 மில்லிகிராமும் 6 மில்லிகிராமும் ஒன்றுபோலவே தெரியும். அளவு எல்லையைத் தொட்டால், மாதிரியில் காய்ச்சி வடித்த நீர் கலந்து நீர்க்கச் செய்து மறுபடி அளக்க வேண்டும்.

சிறு தவறுகளும் கணக்கைக் கெடுக்கும். 1 மில்லிகிராம் ஃபுளோரைடுக்கு 2.21 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடு தேவை; உப்பின் எடையையே ஃபுளோரைடின் எடையாக எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். திட்டக் கரைசல்களை (ஒப்பிடுவதற்கான, ஃபுளோரைடு அளவு தெரிந்த கரைசல்கள்) கண்ணாடியில் நாட்கணக்கில் வைக்காமல் பாலிஎத்திலீன் புட்டியில் வையுங்கள். மாதிரியும் திட்டக் கரைசலும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும். கைபேசிக் கேமராவால் நிறத்தை அளப்பவர்கள் தானியங்கி வெள்ளைச் சமநிலையை (auto white balance) அணைத்துவிட்டு, ஒரே வெளிச்சத்தில், திட்டக் கரைசல்களையும் மாதிரியையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும்.

எந்த உணரியானாலும், சோதிக்கும் அதே நீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் ஃபுளோரைடைச் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். அளவு 0.5 கூட வேண்டும். 0.2 மட்டுமே கூடினால் ஏதோ ஒன்று ஃபுளோரைடை மறைக்கிறது. அந்த நீரின் முதல் அளவீட்டையும் நம்பக் கூடாது. சரியாக 0.5 கூடினாலும் பாஸ்பேட் போன்றவை சேர்த்துவிடும் பொய் அளவை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அவை இருக்கும் என்ற ஐயம் இருந்தால், ஃபுளோரைடைக் காய்ச்சி வடித்துப் பிரித்த பிறகு நிறச் சோதனை செய்யுங்கள், அல்லது நிறத்தை நம்பாமல் மின்னழுத்தத்தால் ஃபுளோரைடை அளக்கும் ஃபுளோரைடு மின்முனையால் அளந்து ஒப்பிடுங்கள்.