படகு எஞ்சினுக்கு ஆயில் சம்ப் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன் பக்கத்து விசைப்படகுகளில் பெரிய எஞ்சின் வேலை நடப்பது அப்போதுதான். சில எஞ்சின்கள் வேன் ஏறி எங்கள் மதுரைப் பட்டறைக்கும் வரும். கடல் இல்லாத ஊரில் படகு எஞ்சினா என்று சிரிக்க வேண்டாம். லாரி எஞ்சினையே படகுக்கு மாற்றிப் போட்டவர்கள் நிறையப் பேர். லாரி வேலை எங்களுக்குக் கைவந்தது. தவறும் அந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது.

போல்ட் துளை பொருந்துகிறதே என்று எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பை, லாரியினுடையதையே அப்படியே பூட்டிவிடுகிறோம். லாரியில் எஞ்சின் கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும். படகில் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் பின்னோக்கிச் சரிந்து இறங்குவதால் கியர்பாக்ஸ் பக்கம் தாழ்ந்து, எஞ்சின் சாய்ந்தே உட்காரும். ஆயில் பின்னால் போய்த் தேங்கும். சம்பின் பள்ளமும், பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயிலுள்ள வலையான ஸ்ட்ரெய்னரும் முன்பக்கம் இருந்தால், வேகமெடுத்துப் படகின் முன்முனையான அணியம் தூக்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சும். பிரஷர் விழும், அப்புறம் பேரிங் போகும்.

நானே ஒருமுறை அப்படிப் பூட்டி அனுப்பினேன். பட்டறை ஸ்டாண்டில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. ஸ்டாண்டுதான் மட்டமாக இருந்ததே! கடலில் இறங்கியதும் ஆயில் லைட் விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. எஞ்சினை மறுபடி தூக்கிய கூலி என் பையிலிருந்து போனது.

ஆயில் குச்சியிலும் இதே சிக்கல். லாரிக்குப் போட்ட கோடு சாய்ந்த எஞ்சினுக்குப் பொய் சொல்லும். அந்தச் சம்புக்கு உரிய அளவை லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றி, படகு தண்ணீரில் மிதக்கும்போது குச்சியில் புதுக் கோடு போடுங்கள்.

ஸ்ட்ரெய்னருக்கும் சம்பின் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். சம்புக்குள் ஸ்ட்ரெய்னர் வரும் இடத்தில் ஒரு சப்பாத்தி மாவு உருண்டையை வைத்து, கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் பேக்கிங்கோடு சேர்த்து ஒருமுறை பூட்டிக் கழற்றினால் நசுங்கிய உயரமே இடைவெளி. எஞ்சின் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டுவிட்டு, மாவை மிச்சமில்லாமல் வழித்தெடுங்கள்.

கசிவுக்குப் பயந்து சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்புவார்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். மெல்லிய கோடு போதும். போல்ட்டை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். ஸ்பானரில் பைப் மாட்டி இழுத்தால் தகட்டு விளிம்பு துளைக்குத் துளை குழிந்துவிடும், எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

சரி, கசிவது சம்ப்தானா? எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரிலிருந்து வழிகிற ஆயிலும் கடைசியில் அங்கேதான் சொட்டும். துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் சம்ப் மாற்றிப் பயனில்லை.

படகின் அடியில் தேங்கும் உப்புத் தண்ணீர் இரும்புச் சம்பை வெளியிலிருந்து தின்னும். பெயிண்ட் இல்லாமல் பூட்டக் கூடாது. அலுமினியச் சம்பில் ஆயிலை வடிக்கும் துளைக்குப் பித்தளை டிரெயின் பிளக் வேண்டாம்; உப்புத் தண்ணீர் பட்டால் பிளக்கைச் சுற்றி அலுமினியம் அரித்துவிடும். டிரெயின் ஹோஸ் போடுவதாக இருந்தால் எஞ்சின் வெளியே இருக்கும்போதே போட்டுவிடுங்கள். படகில் இறக்கிய பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது.