மே மாதம் வீடு மாறுகிறீர்களா? சாமான் ஏற்றும் நாளை முதலில் மாற்றுங்கள்

சென்னையில் பாதிப் பேருக்கு வீடு மாற ஒரே நேரத்தில் காரணம் அமைவது சித்திரை, வைகாசியில்தான். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் புது வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் பால் காய்ச்சப் பலர் யோசிப்பார்கள், அடுத்து ஆடி வேறு. செவ்வாய், சனி, அஷ்டமி, நவமியைக் கழித்தால் மிஞ்சுவது சொற்ப நாள்கள். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டால் குட்டி யானைக்காரர் சொல்வதுதான் வாடகை.

பால் காய்ச்சுகிற நாளிலேயே சாமானையும் ஏற்றியாக வேண்டும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சாமி படம், குடத்தில் தண்ணீர், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்போடு விடியற்காலையில் போய்ப் பாலைக் காய்ச்சிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். சாமான் நாலைந்து நாள் கழித்து ஏதோ ஒரு புதன்கிழமை போகட்டும். செவ்வாய் என்றால் இன்னும் வசதி. அன்று வண்டிக்கும் ஆளுக்கும் கிராக்கி குறைவு. இதற்கு வீட்டுப் பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பது லாரிக்காரரிடம் பேரம் பேசுவதைவிடக் கஷ்டம், அதனால் பேச்சை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

இப்படிச் செய்ய இரண்டு வீட்டுச் சாவியும் ஒரு வாரமாவது கையில் இருக்க வேண்டும். பழைய வீட்டை 31ஆம் தேதி காலி செய்து, புது வீட்டுக்கு 1ஆம் தேதி போவதாகத் திட்டமிடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே இருந்த குடித்தனக்காரரும் அதே நாளில்தான் காலி செய்வார். அவருடைய வண்டி தாமதமானால் உங்கள் பீரோ தெருவில் வெயில் காயும். ஒரு வார வாடகை கூடுதலாகப் போனால் போகட்டும், வெள்ளையடிக்கவும் குழாய் பார்க்கவும் அந்த நாள்கள் உதவும். பழைய அட்வான்ஸை வாங்கிப் புது அட்வான்ஸ் கொடுப்பதாகவும் கணக்குப் போடாதீர்கள். சாவியைக் கொடுத்த பிறகோ, அடுத்த ஆள் வந்த பிறகோதான் பெரும்பாலும் பணம் கைக்கு வரும்.

அடுத்தது, ‘ரெண்டு பெட்ரூம் வீடுங்க’ என்று போனில் சொல்லி விலை பேசுவது. பரண்மேல் இருப்பது யாருக்கும் நினைவில் இருக்காது. பழைய கிரைண்டர், கொலு பொம்மைப் பெட்டி, பித்தளை அண்டா எல்லாம் அங்கேதான் இருக்கும். பரண், பால்கனித் தொட்டிகள் உட்பட வீடு முழுக்க வீடியோ எடுத்து அனுப்புங்கள். எத்தனையாவது மாடி, லிஃப்டில் சாமான் ஏற்ற அனுமதி உண்டா, வாசலுக்கு எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்க முடியும், கட்டிலைக் கழற்றி மாட்டுவது யார் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பாதிச் சாமான் மாடிப்படியில் இருக்கும்போது ‘இதுக்குத் தனியா ஆகும் சார்’ என்பார்கள். அந்த நிலையில் யாரும் வாதாடி ஜெயித்ததில்லை. முழுப் பணத்தையும் முன்னதாகக் கேட்பவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். அடுக்குமாடி என்றால் இரண்டு இடத்துச் சங்கத்திடமும் நாளும் நேரமும் சொல்லிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றி இறக்க அனுமதிக்காத சங்கங்கள் உண்டு.

லாரியைப் பிடித்தவர்கள் ஏசி மெக்கானிக்கை மறந்துவிடுவார்கள். மே மாதத்தில் அவர் முந்தின நாள் கூப்பிட்டால் வருகிற ஆள் அல்ல. கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இறக்கி வால்வைப் பூட்டாமல் வேறு யாரோ கழற்றினால், கேஸ் வெளியேறிவிடும், புது வீட்டில் நிரப்பும் செலவு தனி. ஃபிரிட்ஜை முந்தின இரவே அணைத்துவிட வேண்டும். படுக்கவைத்து ஏற்றினால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்டபிறகே சுவிட்ச் போடுங்கள். வீட்டில் இன்சுலின் இருந்தால் அதை லாரியில் போடாதீர்கள். ஐஸ் பேக் வைத்த பையில், ஐஸ் நேராகப் படாமல், உங்களோடு கொண்டுபோங்கள்.

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். காலை 6 மணிக்கு ஏற்றத் தொடங்காவிட்டால், இறக்குகிற ஆட்கள் உச்சி வெயிலில் மாடி ஏறுவார்கள். அவர்களுக்கு மோரும் தண்ணீரும் தயாராக இருக்கட்டும். பொருள் உடைவதும் பெரும்பாலும் களைத்துப்போன மதிய நேரத்தில்தான்.

கேஸ் இணைப்பைப் பொறுத்தவரை, ஊருக்குள்ளேயே மாறினால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் உங்களிடமே இருக்கும், ஏஜென்சியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெளியூர் என்றால் இரண்டையும் ஒப்படைத்து, டெபாசிட்டையும் அதற்கான வவுச்சரையும் கேட்டு வாங்குங்கள்.

கோடையில் பலர் ஏமாறுவது கரண்ட் பில்லில்தான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. தொடக்கத்தில் குறிப்பிட்ட யூனிட்டுகள் இலவசம், மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறி, ஆரம்பப் படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும். முன்பு இருந்தவர் ஏசி போட்டு 300 யூனிட் ஓட்டிவிட்டுப் போயிருப்பார், நீங்கள் 250 ஓட்டுவீர்கள். தனித்தனியே பார்த்தால் இருவருமே 500-க்குள்தான், ஆனால் மீட்டருக்கு ஆள் மாறியது தெரியாது. 550 யூனிட்டுக்கு ஒரே பில் வரும், அதுவும் உங்கள் கைக்கு. சாவி வாங்குகிற அன்றே மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி, அந்தப் பில்லை எப்படிப் பிரிப்பது என்று பேசி முடித்துவிடுங்கள். பழைய வீட்டிலும் கடைசி நாள் மீட்டரைப் படம் எடுக்க வேண்டும். அங்கே அட்வான்ஸில் கழிக்கப் போவது உங்கள் பணம்.