வாளி மத்தளம், நண்டு ராசா: பிள்ளைகளோடு ஒரு குட்டிக் களரி போடுவது எப்படி?

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் பாட்டு என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருவது பாவோதல் போட்டி. நேராக நின்று, கையை நீட்டி மடக்கி, பாடமாக்கியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவில் எங்கள் வீட்டு முற்றத்தில் பிள்ளைகளைச் சேர்த்த முதல் சனிக்கிழமை நானும் அந்த வழியில்தான் போனேன். ஆளுக்கொரு பாட்டுத் தாள் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் தாளெல்லாம் விசிறியாகிவிட்டது.

அடுத்த கிழமை தாளை விட்டுவிட்டுக் கூத்தைப் பிடித்தேன். மட்டக்களப்புக் கூத்தில் ஆடுகிறவரை யாரும் தனியே விடுவதில்லை. மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் கூடவே வரும், பிற்பாட்டுக்காரர் பாட்டை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், ஆடும் இடமான வட்டக் களரியைச் சுற்றிச் சனம் இருக்கும். கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

என்ன வேண்டும்?

6 முதல் 10 வயது வரையான பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர், மத்தளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, சல்லரிக்கு இரண்டு பால்மா டின் மூடி, ஒரு பாய். 40 நிமிடம் போதும். ஞாயிறு காலை அறநெறி வகுப்பு, மற்ற நாட்களில் குர்ஆன் ஓதும் ஓதப்பள்ளி, ரியூஷன் என்று ஓடுவார்கள். அதனால் சனி பின்னேரம்தான் தோது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் நீங்கள்தான். பாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் தெரியாது.

முதலில் காதும் கையும்

ஊர்ப் பெயர்களில் தொடங்குங்கள். வாய் எத்தனை தரம் அசைகிறதோ அத்தனை தட்டு. கல்முனை மூன்று: தகிட. காரைதீவு நான்கு: தகதிமி. அக்கரைப்பற்று ஐந்து: தக தகிட. களுவாஞ்சிகுடிக்கு ஆறு: தகிட தகிட. ஒரு பிள்ளை பஸ் கொண்டக்டர் ஆகட்டும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் போகும் பஸ்ஸில் ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று கத்திக்கொண்டு வரட்டும். மற்றவர்கள் வாளியில் அந்தத் தாளத்தைத் தட்ட வேண்டும். மெதுவாகத் தொடங்கி, பஸ் வேகமெடுத்ததும் நாக்கு இடறத் தொடங்கும். சிரிப்பு அங்கேதான் வரும். இதற்கே ஒரு நாள் முழுதும் போனாலும் அவசரப்படாதீர்கள்.

வரவுப் பாட்டு

கூத்தில் ஒரு பாத்திரம் களரிக்குள் வரும்போது வரவுப் பாட்டு உண்டு. பிள்ளைகளுக்கும் அதே மாதிரி ஆளுக்கொரு வரவு கட்ட வேண்டும். ராசா, மந்திரி என்று போகாமல், வீட்டையும் கடற்கரையையும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலில் அகப்பட்டது நண்டு.

நண்டு ராசா வந்தேன் – நானே
நண்டு ராசா வந்தேன்
பக்கம் பக்கம் நடப்பேன் – உங்கள்
பாயில் வந்து கிடப்பேன்

செய்யும் விதம் இதுதான். முதலில் கடைசிச் சொற்களை மட்டும் கொடுங்கள்: நடப்பேன், கிடப்பேன். அப்புறம், ‘பக்கம்’ என்ற சொல்லைப் போல ‘ப’வில் தொடங்கும் சொல் தேடச் சொல்லுங்கள். பாய், பானை, பந்து, பள்ளிக்கூடம் என்று வரும். எதுகை, மோனை என்ற பெயர்களை எடுக்கவே வேண்டாம், அவை எட்டாம் வகுப்பு வரை காத்திருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளை அடுத்த அடியைத் தானே கட்டினாள்:

கறிச் சட்டி கண்டால் – பத்துக்
காலும் தூக்கிப் பறப்பேன்

நண்டுக்குக் கால் எட்டா, பத்தா என்று பெரிய சண்டை. கடைசியில் ஒருவன் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மா கழுவிக்கொண்டிருந்த நண்டைத் தூக்கி வந்துவிட்டான். கொடுக்கு இரண்டையும் சேர்த்தால் பத்து என்று முடிவானது.

இனிப் பிற்பாட்டு. ஒருவர் பாடி முடிக்க, சுற்றியிருப்பவர்கள் கடைசி வரியை இரண்டு தரம் வாங்கிப் பாட வேண்டும். வாய் திறக்காத பிள்ளையை இங்கே விடுங்கள். எங்களிடம் ஒரு பையன் மூன்று கிழமை ஒரு சொல்லும் பேசாமல் டின் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தான். நாலாம் கிழமை பிற்பாட்டில் எல்லாரையும் விடச் சத்தமாகக் கேட்டது அவன் குரல். ‘நீயும் தனியாகப் பாடு மனே’ என்று நான் அவசரப்பட்டுக் கேட்க, மறுபடி மூடியோடு போய் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பிழையை நீங்கள் செய்யாதீர்கள்.

‘மறுகா?’

கதைக்கு ஒரே ஒரு விதி. சொல்கிறவர் நல்ல இடத்தில் நிறுத்த வேண்டும், வட்டம் முழுதும் ‘மறுகா?’ என்று கேட்க வேண்டும். கேட்டதும் கதை பக்கத்துப் பிள்ளைக்குப் போகும். ‘மறுகா’ கொச்சை, ‘பிறகு’ என்று திருத்துங்கள் என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். நான் திருத்தவில்லை. வீட்டுப் பேச்சைப் பூட்டி வைத்தால் பிள்ளை கதையையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

தொடக்கம் வேண்டுமென்றால் மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடிக்குப் போங்கள். நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் வாவி மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். அந்த மீன் யாருக்குப் பாடுகிறது? எங்கள் பிள்ளைகளின் பதில்: பல்லுக் கொதிக்கிறதாம், அழுகிறதாம்.

வீட்டுக்குப் போகும்போது ஒரு வேலை கொடுங்கள். அம்மம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ ஒரு நொடி, அதாவது விடுகதை, கேட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் தானே கட்ட வேண்டும். ‘மண் வீட்டுக்குள்ளே வெள்ளை நிலா, கவிழ்த்தாலும் விழாது’ என்று ஒருத்தி கட்டி வந்தாள். சட்டித் தயிர்!

களரி நாள்

ஆறாம் ஏழாம் கிழமையில் வைக்கலாம். மேடை, மைக் இரண்டும் வேண்டாம். முற்றத்தில் ஒரு வட்டம் கீறி, பெற்றோரைச் சுற்றிவர இருத்துங்கள். துவாய் தலைப்பாகை, சாரம் சிறகு. யாராவது வரியை மறந்தால் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், பிற்பாட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்கள். பரிசு, முதலாமிடம் எதுவும் வைக்காதீர்கள், கச்சான் (வேர்க்கடலை) போதும்.

வாளியை மட்டும் பழையதாகப் பார்த்து எடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வாளி அடி வெடித்துவிட்டது, மூன்றாவதை இப்போது நான் குளியலறையில் வைத்துப் பூட்டுகிறேன்.